பக்கத்து வீட்டு ஃபியூஸ்

விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் மாற்றுவது பெரிய வேலை இல்லை. இரண்டு கம்பி, இரண்டு திருகு, சுவரில் ஒரு பெட்டி. கை பழகியவன் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவான். ஆனாலும் எங்கள் எலக்ட்ரீஷியன் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு டிம்மர்தான்.

செயலாளர் என்னைவிட ரொம்பச் சின்னவர். கேட்ட காரணத்தையும் சொன்னார். "இப்பல்லாம் போன்லயே லைட்ட கொறைக்கிறாங்க பாய். சுவத்துல திருகுற டிம்மரை எவன் வாங்குறான்? பழைய வூடுங்கள்ல நீங்க எப்படி வேலை பாத்தீங்கன்னு எழுதுங்க."

போனில் குறைத்தால் நல்லதுதான். எனக்கு வருத்தம் இல்லை. நான் படித்தது ஐந்தாவது வரை. பேச்சும் குறைவு. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தொழில் பழகியது சிந்தாதிரிப்பேட்டையில், மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறையில். பிறகு வீட்டு வயரிங். பிறகு லைசென்ஸ். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கை காய்ச்சுப்போனது. மற்றதெல்லாம் ஸ்டெல்லாம்மா கடையில் சேர்ந்த பிறகுதான்.

மந்தைவெளியில் ஒரு சந்தில் எலக்ட்ரிக்கல் கடை. முதலாளி ஸ்டெல்லாம்மா. சாந்தோம் குப்பத்துக்காரர். அவர் அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். வீட்டுக்காரர் மட்டும் எலக்ட்ரீஷியன். ஒரு வீட்டில் அவர் ஏணியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது கீழே யாரோ ஃபியூஸைப் போட்டுவிட்டார்கள். இதை ஸ்டெல்லாம்மா என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார். நான் திருப்பிக் கேட்கவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு கடையை மூடாமல் ஸ்டெல்லாம்மாவே உட்கார்ந்தார். எங்களை வேலைக்கு அனுப்புவது அவர்தான்.

அவர் ஒரு ஒயரைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் அவர் சொன்னபடி செய்யாதவன் அடுத்த நாள் கடையில் இருக்க மாட்டான். அவர் சொன்னது இதுதான். பழைய வீடுகளில் மெயின் பக்கத்தில் வெள்ளைப் பீங்கானில் ஃபியூஸ் இருக்கும். பிடித்து இழுத்தால் கையோடு வரும். இழுத்ததை அங்கேயே ஜன்னல் விளிம்பில் வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் கையில் கொடுக்கக் கூடாது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அது பையில் இருக்கும்வரை அந்த லைனில் யாரும் கரண்ட் விட முடியாது.

வேலைக்கு நடுவில் நாம் எதற்காகப் போன் செய்தாலும் சரி, ஸ்டெல்லாம்மா முதலில் கேட்பது ஒன்றுதான்.

"ஃபியூஸ் எங்க?"

"பாக்கெட்டுல."

"சரி, சொல்லு."

எங்களோடு மணி என்று ஒருவன் வேலை செய்தான். நல்ல வேலைக்காரன், மறதிக்காரன். ஒருநாள் ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு ஃபியூஸைப் பையில் வைத்தபடியே பஸ் ஏறிவிட்டான். அந்த வீட்டு அம்மா கடைக்குப் போன் செய்து கத்தினார். ஸ்டெல்லாம்மா மணிக்குப் போட்டார். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"இன்னா மணி, ஃபியூஸ் எங்க?"

"பாக்கெட்டுலதாங்கீது."

"நீ எங்க கீற?"

"நான் சைதாப்பேட்டை போய்க்கினுகீறேன்."

"அந்த வூட்டுக்காரம்மா இருட்டுல உக்காந்துகினு உன்ன வாழ்த்திக்கினுகீது. எறங்கி ஓடு நைனா."

கடையே சிரித்தது. ஆனால் ஸ்டெல்லாம்மா மணியைத் திட்டவில்லை. போட மறந்தால் பரவாயில்லை, எடுக்க மறந்தால்தான் விடமாட்டேன் என்றார்.

பிறகு ஃபியூஸுக்குப் பதிலாக எம்.சி.பி. வந்தது. விரலால் தள்ளுகிற சுவிட்ச். அதைக் கழற்றிப் பையில் போட முடியாது. அதற்கும் வழி சொன்னார். தள்ளி அணைத்து, மேலே டேப் ஒட்டி, அந்த வீட்டு ஆள் ஒருவரை அதன் அடியில் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். பிறகு இன்வெர்ட்டர் வந்தது. அடையாறில் ஒரு ஃபிளாட்டில் வீட்டுக்காரர் வீடியோ பார்த்துத் தானே டிம்மரைக் கழற்றினார். மெயினை ஒழுங்காக அணைத்திருந்தார். அணைத்த நொடியே இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு அதே கம்பியில் கரண்ட் விட்டது. நல்ல வேளை, உதறியதோடு போனது. நான் போனபோது அவர் மனைவி, "வாங்க, பேஷண்ட் உள்ள இருக்கார்" என்று சிரித்தபடி கதவைத் திறந்தார். அன்றிலிருந்து ஸ்டெல்லாம்மா போனில் வீட்டு விலாசத்தோடு இன்வெர்ட்டர் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்வார்.

இனி அந்த டிம்மர். கொரோனாவுக்குக் கொஞ்ச காலம் முந்தி.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. பழைய வீடு. பெரியவர் கதவைத் திறந்தார். நாராயணன் என்று பெயர். ரிடையர் ஆனவர். அவர் மனைவியை எல்லாரும் மாமி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"வாங்கோ பாய். பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. சாயந்தரம் ஆஸ்பத்திரிலேந்து கொழந்தையோட வரா. அந்த ரூம் லைட்டு ங்ங்ங்னு கத்தறது. சுவிட்சைத் தொட்டா சுடறது. கருகின வாசனை வேற."

மாமி உள்ளிருந்து சொன்னார். "நடு ராத்திரில பால் குடுக்க எழுந்துண்டா பளிச்சுனு லைட் போட முடியுமோ? கொழந்தை கண் கூசாதோ? கொறைக்கற சுவிட்சுதான் வேணும்."

"வேற ரூம் இல்லையா மாமி?"

"இதுலதான் பாத்ரூம் ஒட்டி இருக்கு. தையல் போட்ட பொண்ணை நடக்க விடறதா?"

நான் போய்ப் பார்த்தேன். பழைய திருகு டிம்மர். குண்டு பல்பு காலத்தது. மாப்பிள்ளை எல்.ஈ.டி. பல்பு மாட்டியிருக்கிறார். பழைய டிம்மருக்கு அந்தச் சின்ன பல்பு ஒத்துவராது. கத்தும், துடிக்கும். ஆனால் சூடு அதனால் வந்ததில்லை. உள்ளே எங்கோ கம்பி தளர்ந்திருக்க வேண்டும். எல்.ஈ.டி.க்கு ஏற்ற டிம்மரும், குறைக்கலாம் என்று டப்பாவில் போட்டிருந்த பல்பும் நான் கொண்டுபோயிருந்தேன்.

ஹாலில் மெயின். புது எம்.சி.பி. தள்ளி அணைத்தேன். டேப் ஒட்டினேன். இன்வெர்ட்டரையும் அணைத்தேன். மாமியை அடியில் உட்கார வைத்தேன்.

"நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது மாமி. யாரையும் இதைத் தொட விடக் கூடாது."

"எமனே வந்தாலும் விடமாட்டேன் பாய்."

"நல்ல நாளும் அதுவுமா எமனைக் கூப்பிடறா பாரு" என்றார் பெரியவர்.

டெஸ்டரை முதலில் மெயினுக்கு மேல் பக்கம், எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். எரிந்தது. அப்படியென்றால் டெஸ்டர் நல்ல டெஸ்டர். இதைப் பலர் செய்வதில்லை. டெஸ்டர் கெட்டுப்போயிருந்தால் அதுவும் கரண்ட் இல்லை என்றுதான் சொல்லும்.

ரூமுக்கு வந்து பிளேட்டைக் கழற்றினேன். கம்பியில் கை படாமல் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது.

சில சமயம் பக்கத்தில் ஓடும் லைனால் டெஸ்டர் சும்மா மினுக்கும். அதனால் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். ஒரு பல்பு, இரண்டு கம்பி, அவ்வளவுதான் அது. பல்பு முழுசாக எரிந்தது. மின்விசிறி நின்றிருந்தது, ஃபிரிட்ஜ் நின்றிருந்தது, வீடே அணைந்திருந்தது. அந்தப் பெட்டியில் மட்டும் கரண்ட் இருந்தது.

"கரண்ட் போனா இந்த ரூம்ல லைட் எரியுமா சார்?"

"தெருவுக்கே போனா எரியாது. இதை இன்வெர்ட்டர்ல சேக்கலை போலிருக்குன்னு நெனச்சுண்டேன். ஆனா எங்க மெயின் டிரிப் ஆனா இங்க மட்டும் எரியும். அப்போ இன்வெர்ட்டர்னு நெனச்சுண்டேன்."

நான் சுவரைப் பார்த்தேன். மற்ற சுவர்கள் பழைய சுண்ணாம்பு, கனமானவை. பெட்டி இருந்த சுவர் மெல்லியது. அந்தப் பக்கத்தில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

"இந்தச் சுவர் எப்ப கட்டினது சார்?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமி நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தார். "பாகம் பிரிச்சப்போ. அந்தப் பக்கம் அவரோட தம்பி. பேச்சு வார்த்தை இல்லை."

விஷயம் புரிந்தது. வீட்டை இரண்டாகப் பிரித்து மீட்டரையும் பிரித்திருக்கிறார்கள். பிரித்தவன் ஒரு லைனை விட்டுவிட்டான். அண்ணன் ரூமுக்குத் தம்பி வீட்டு மெயினிலிருந்து கரண்ட் வருகிறது.

"அந்தப் பக்கம் ஃபியூஸ் எடுக்கணும் சார்."

"அவன்கிட்ட நான் போய் நிக்க மாட்டேன். நீங்க க்ளவுஸ் போட்டுண்டு அப்படியே மாட்டிடுங்கோ."

"மாட்டேன் சார்."

"போன தடவை வந்தவன் அப்படித்தானே பண்ணினான்?"

"அவன் குடுத்து வெச்சவன் சார். நான் பண்ண மாட்டேன்."

வாசலுக்கு வந்து ஸ்டெல்லாம்மாவுக்குப் போன் செய்தேன். ஃபியூஸ் எங்கே என்று கேட்டார். பக்கத்து வீட்டில் என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

"தோ பாரு காதரு. அந்த ஃபியூஸ் உன் பாக்கெட்டுக்கு வரணும். குடுக்கமாட்டேன்னா, அத வெச்சிருக்குறவன் வேலை முடியறவரிக்கும் உன் கண்ணு எதிர்ல நிக்கணும். ரெண்டும் முடியலன்னா பையைக் கட்டிக்கினு வா."

"சாயந்தரம் கொழந்தை வருதுங்கறாங்க."

"நீ உன் வூட்டுக்குப் போவ வேணாமா?"

வைத்துவிட்டார்.

பக்கத்துக் கதவைத் தட்டினேன். பனியனோடு வந்தவர் தம்பி. கண்ணன் என்று பெயர். அண்ணனின் அதே மூக்கு. நான் சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது, ஆனால் கேட்கவில்லை.

"ஃபியூஸை எடுத்துடறேன். நீங்க போய் வேலையைப் பாருங்கோ."

"எடுத்து என்கிட்ட குடுங்க சார்."

"எங்காத்து மெயின் ஃபியூஸை யாரோ ஒருத்தர் பையில போட்டுண்டு போறதா? நான் தொடமாட்டேன்னு சொல்றேன் இல்லையோ?"

"நீங்க தொடமாட்டீங்க. வீட்டுல வேற ஆள் இருக்காங்க இல்ல?"

சொல்லி முடிக்கவில்லை, சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி சுதா கேட்டார். "யாரு அது? சட்னி பாதில நிக்கறது, கரண்டை நிறுத்திடாதேங்கோ!"

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சரி, அப்ப நீங்களே கையில வெச்சுக்கங்க. ஆனா என் பக்கத்துல வந்து நிக்கணும்" என்றேன்.

"எங்கே?"

"அந்த ரூம்ல."

கொஞ்ச நேரம் வாசல்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் ஃபியூஸை இழுத்தார். மிக்ஸி நின்றது. சுதா ஏதோ சொன்னார். அவர் சட்டை போட்டுக்கொள்ள உள்ளே போனார். பக்கத்து வீட்டுக்கு வர நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு, தலையும் வாரிக்கொண்டு வந்தார்.

அண்ணன் வீட்டு நிலைக்கு வெளியே நின்றுவிட்டார். பெரியவர் ரூமுக்குள் இருந்தார், வெளியே வரவில்லை. ஹாலில் மாமி மட்டும் எம்.சி.பி.க்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் எழுந்துக்கக் கூடாதுன்னு பாய் ஆர்டர். வான்னு வாசல்ல வந்து கூப்பிட முடியலை. நீயே உள்ள வா கண்ணா."

வந்தார்.

திரும்பவும் டெஸ்ட் லாம்ப் வைத்தேன். எரியவில்லை. டெஸ்டரை மெயினுக்கு மேல் ஒருமுறை, கம்பியில் ஒருமுறை, மறுபடி மெயினுக்கு மேல் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். அதன் பிறகுதான் கை வைத்தேன்.

பழைய டிம்மரை வெளியே இழுத்தேன். ஒரு திருகு தளர்ந்திருந்தது. அதனால்தான் சூடு. கம்பியின் மேல் உறை கருகி, தொட்டால் உதிர்ந்தது. பின்னால் மரப்பெட்டி கறுத்திருந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். அந்தப் பெட்டிக்கு நேர் கீழேதான் தொட்டில் போட்டிருந்தார்கள்.

கருகின பகுதியை வெட்டினேன். பெரியவர் டார்ச் பிடித்தார். தம்பி கையில் ஃபியூஸை வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். இரண்டு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை போலும்.

"அண்ணா, டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம். அவருக்கு நிழல் அடிக்கறது."

டார்ச் நகர்ந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுதாவின் குரல் ஜன்னல் வழியாக வந்தது. "இன்னும் எத்தனை நாழி? ஊருக்குப் போறப்போகூட மெயினை அணைக்க விடமாட்டேளே! காசிக்குப் போனப்போ சண்டையே போட்டேள். இப்ப மட்டும் எப்படிப் பிடுங்கிண்டு போனேள்?"

பெரியவர் தம்பியைப் பார்த்தார்.

"ஏன்டா அணைக்க விடமாட்டே?"

தம்பி ஃபியூஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு தடவை ஃபியூஸ் போயிடுத்து. கம்பி மாத்தறேன். இந்தப் பக்கத்துலேந்து மன்னி, இந்த ரூம்ல மட்டும் லைட் போயிடுத்துன்னு கத்தறா. திரும்பப் போட்டேன். வந்துடுத்துன்னா. அப்போ தெரிஞ்சது."

"அது எப்போ?"

"அனு ஸ்கூல் படிக்கறப்போ. இங்கதானே உக்காந்து படிப்பா."

அனு, ஆஸ்பத்திரியில் இருக்கும் பெண். அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது.

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அதுக்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும். பரவாயில்லை, எரியட்டும்னு விட்டுட்டேன்."

பெரியவர் டார்ச்சை அணைத்துவிட்டார். வேண்டுமென்றே இல்லை. விரல் பட்டிருக்கும். நான் காத்திருந்தேன். மறுபடி போட்டார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இந்த லைனை இப்படியே விடக் கூடாது. தம்பி பக்கத்தில் கழற்றிவிட்டு, இந்த வீட்டு மெயினிலிருந்து புதுக் கம்பி இழுக்க வேண்டும்.

ஹாலிலிருந்து மாமி கேட்டார். "இத்தனை வருஷம் இருந்துடுத்தே பாய். இருந்துட்டுப் போகட்டுமே?"

"கூடாது மாமி. நாளைக்கு வேற ஒருத்தன் வேலைக்கு வருவான். இந்தக் கதை அவனுக்குத் தெரியாது."

"சரி, மாத்திடுங்கோ" என்றார் பெரியவர்.

தம்பியோடு போய் அந்தப் பக்கத்து முனையைக் கழற்றி மூடினேன். இந்தப் பக்கத்து முனையையும் மூடினேன். ஹால் போர்டிலிருந்து குழாய் வழியாகப் புதுக் கம்பி இழுத்தேன். மரப்பெட்டியை எடுத்துவிட்டு இரும்புப் பெட்டி வைத்து எர்த் கொடுத்தேன். டிம்மரை மாட்டித் திருகை இறுக்கினேன். ஒவ்வொரு கம்பியையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இழுத்தால் வரக் கூடாது. பிளேட்டை மூடின பிறகுதான் மாமியை எழுந்திருக்கச் சொன்னேன். டேப்பை நானே பிரித்து எம்.சி.பி.யைப் போட்டேன்.

குமிழைத் திருகினேன். விளக்கு மெதுவாக ஏறியது, மெதுவாக இறங்கியது. சத்தம் இல்லை, துடிப்பு இல்லை. அடிமட்டத்தில் வைத்துவிட்டுக் கையைப் பிளேட்டின் மேல் வைத்திருந்தேன். குளிர்ந்திருந்தது.

என் கையால் செய்த வேலையில் இதுவரை யாரும் அடிபட்டதில்லை. இப்போது ஆதம்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். வேறு பெருமை ஒன்றும் சொல்லத் தெரியாது. இது போதும்.

தம்பி ஃபியூஸோடு கிளம்பினார். மாமி விடவில்லை. கொழந்தையைப் பாத்துட்டுத்தான் போகணும் என்றார். நான் தம்பியிடம் ஃபியூஸை வாங்கிக்கொண்டு போய் அந்த வீட்டில் போட்டேன். கதவைத் திறந்த சுதா, "எங்காத்துக்காரரை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேளா?" என்று கேட்டார். "மாமி விடலைங்க" என்றேன். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டார்.

பையைக் கட்டும்போது வண்டி வந்தது. பெண் மெதுவாக இறங்கினாள். ஆரத்தி எடுத்தார்கள். சித்தப்பா அங்கே நிற்பதைப் பார்த்து அவள் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு குழந்தையைச் சித்தப்பா பக்கம் கொஞ்சம் சாய்த்துக் காட்டினாள். அவர் தொடவில்லை. "கை கழுவிண்டு வரேன்" என்றார்.

குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். மாமி விளக்கைக் குறைத்தார். நான் நிலைக்கு வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். தம்பி கை கழுவிவிட்டு வந்து அண்ணன் பக்கத்தில் நின்றார்.

"மார்கழில ஸ்ரீரங்கம் போறோம். இனிமே மெயினை அணைச்சுட்டுப் போகலாம் இல்லையா?"

பெரியவர் தொட்டிலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அணைச்சுட்டுப் போ. சாவியை இங்க குடுத்துட்டுப் போ."